மருந்து நமுத்துவிடக் கூடாது

அச்சங்குளத்தில் அந்த வீட்டு வாசலில் நான் போய் நின்றது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு மாமியாரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக.

சாத்தூரிலிருந்து கிளம்பும் முதல் பஸ். அப்போதுதான் பொழுது விடிந்துகொண்டிருந்தது. கையில் அரைக் கிலோ காராச்சேவு. அடுத்தவர் வீட்டுக்கு வேவு பார்க்கப் போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது என் கொள்கை. பாதி வழியில் பொட்டலத்தின் வாய் பிரிந்துவிட்டது. தானாகவே பிரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி முடிந்து, பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்காத நாட்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. தெருவில் ஈர மண் வாசனையும் லேசான கந்தக நெடியும் இருந்தன. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"யாரு, நர்ஸம்மாவா! என்ன இம்புட்டு வெள்ளன? வாங்க வாங்க" என்று குருவம்மா வெளியே வந்தார்.

"சும்மாதான்க்கா. இங்கன ஒரு வேலையா வந்தேன். அப்படியே மாரியப் பாத்துட்டுப் போவோம்னு..."

காலை ஆறு மணிக்கு அச்சங்குளத்தில் எனக்கு என்ன வேலை? நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் நம்பியதாக நானும் நம்பவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

மாரி என்கிற மாரீஸ்வரி அவருடைய மருமகள். வயிற்றில் மூன்றரை மாதம். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டுமென்றால் அவள் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். அது வேலை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. அதன் வேலையை ஒரு சின்ன வெள்ளை மாத்திரை செய்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளாக அந்த மாத்திரையும் வேலை செய்யவில்லை.

ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் நான் வந்திருந்தேன். குருவம்மாதான் காரணம் என்று பஸ் ஏறும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சித்திரையில் முழுக்கைச் சட்டை

மாரியை நான் முதலில் பார்த்தது அந்த வருஷம் சித்திரையில். சாத்தூரில் எங்கள் டாக்டரம்மாவின் கிளினிக்கில் நர்ஸ், கம்பவுண்டர், டோக்கன் கொடுக்கிறவள், திட்டு வாங்குகிறவள் எல்லாமே நான்தான்.

(போன வாரம் வேறொரு கதையில் நான் இதையே எழுதியதைப் படித்துவிட்டு டாக்டரம்மா போன் செய்தார். "எழுதுறதெல்லாம் சரி எஸ்தர், நான் எப்ப உன்னை அவ்வளவு திட்டினேன்?" என்று கேட்டு, பத்து நிமிடம் திட்டினார்.)

வெளியே தார் ரோடு இளகிக் கிடந்தது. உள்ளே எல்லோரும் ஃபேனுக்கு அடியில் இடம் பிடிக்க முட்டிக்கொண்டிருந்தார்கள். மாரி சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, அதற்கும் மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அந்த ஃபேனச் செத்த நிறுத்துதீகளா?" என்றாள். காத்திருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நல்லவேளை அங்கே ஒருத்தர் கையிலும் தீப்பெட்டி இல்லை.

முகம் உப்பியிருந்தது. குரல் கரகரத்தது. தோல் வறண்டு, முடி கொட்டி, நான் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் அடுத்த டோக்கனை எழுதி முடித்துவிடலாம் போலிருந்தது. கம்பெனியில் அவளுக்குச் சரவெடி பின்னுகிற வேலை. ஒரு காலத்தில் அந்த ரூமிலேயே அவள் கைதான் வேகம். இப்போது போர்மேன் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார்.

தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எடை கூடியிருந்ததால், நன்றாகத் தின்கிறாள், வேலைதான் செய்ய மாட்டேன் என்கிறாள் என்று பேச்சு. பாவம், அவளுக்குப் பசியே கிடையாது. பிள்ளை தங்காததற்கு அம்மனுக்கு நேர்ந்ததைச் செய்யாததுதான் காரணம் என்று ஒரு கட்சி. முன்கழுத்து கொஞ்சம் புடைத்திருந்ததைப் பார்த்து, தாலிச் செயின் இப்போதுதான் எடுப்பாக இருக்கிறது என்று பாராட்டியவர்களும் உண்டு. எங்கள் பக்கம் கழுத்து நிறைந்திருந்தால் அது லட்சணம். அதை யாரும் வியாதி என்று பார்ப்பதில்லை.

டாக்டரம்மா மட்டும் அந்தக் கழுத்தை லட்சணமாகப் பார்க்கவில்லை. ஒரு வாய் தண்ணீரை வைத்து முழுங்கச் சொன்னார். முழுங்கும்போது அந்தப் புடைப்பும் கூடவே மேலே ஏறி இறங்கியது. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினோம். அப்போதெல்லாம் அந்தப் பரிசோதனைக்கு மதுரைதான். மூன்றாம் நாள் வந்த ரிப்போர்ட்டை டாக்டரம்மா இரண்டு முறை படித்தார்.

கழுத்துக்குள் ஒரு போர்மேன்

டாக்டரம்மா பேசுவது மருத்துவத் தமிழ். அதை அச்சங்குளத்துத் தமிழாக மாற்றிச் சொல்வது என் வேலை. அதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. என்னைப் போல யாருக்கும் விளக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாரியும் அவள் புருஷன் கருப்பசாமியும் என் முன்னால் உட்கார்ந்தார்கள். கருப்பசாமி லாரியில் பட்டாசு லோடு ஏற்றுகிறவன். மனைவிக்கு என்னவோ ஏதோ என்று அவன்தான் அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க கம்பெனியில போர்மேன் இருக்காருல்ல?" என்று ஆரம்பித்தேன்.

"இருக்காருக்கா. வாய்தான் ரொம்ப நீளம்" என்றாள் மாரி.

"உடம்புக்கும் அதே மாதிரி ஒரு போர்மேன் உண்டு. தொண்டைக்குக் கீள, பட்டாம்பூச்சி றெக்கைய விரிச்ச மாதிரி உக்காந்திருக்காரு. பேரு தைராய்டு. நெஞ்சு எம்புட்டு வேகமாத் துடிக்கணும், தின்ன சோறு எப்படிச் செரிக்கணும், உடம்புல எம்புட்டுச் சூடு இருக்கணும், தலைக்குளி மாசாமாசம் ஒளுங்கா வரணும், எல்லா ரூமுக்கும் அவருதான் வேகம் வைக்காரு. உன் போர்மேன் தூங்கிட்டாரு. அதான் எல்லா ரூமுலயும் வேலை மந்தமா நடக்கு. குளுருறதும் அதனாலதான். புள்ள தங்காததுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லுதாக."

மாரி துண்டை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையாக்கா?"

எத்தனை பேர் எத்தனை நாள் சொல்லி அவளே அதை நம்பியிருந்தால் அப்படி ஒரு கேள்வி வரும்?

"இல்லட்டி. தூங்குமூஞ்சி உன் போர்மேன்தான். நீ இல்ல" என்றேன். அன்றைக்குத்தான் அவள் முதலில் சிரித்தாள்.

கருப்பசாமிக்கு ஒரு சந்தேகம். "ரிப்போர்ட்டுல கூடியிருக்குன்னு போட்டிருக்காக. கூடுனா வேகமால்ல ஓடணும்?"

நல்ல கேள்வி. படித்தவர்களே இந்த இடத்தில் குழம்புவார்கள். "அது தைராய்டோட அளவு இல்லப்பா. மூளைக்குக் கீள ஒரு முதலாளி இருக்காரு. போர்மேன் தூங்குனா, எந்திரிலே எந்திரிலேன்னு சத்தம் போடுவாரு. ரிப்போர்ட்டுல இருக்கது முதலாளியோட சத்தம். சத்தம் கூடியிருந்தா, வேலை நடக்கலைன்னு அர்த்தம்."

"எங்க கம்பெனியிலயும் அப்படித்தான்க்கா" என்றான் கருப்பசாமி.

மிளகாய் மண்டியில் ஒரு பேய்

போர்மேன் தூங்கினால் இப்படி. அவருக்கே வெறி பிடித்தால் எப்படி என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இது அதற்கும் பல வருஷம் முந்தி, விருதுநகரில் வேறொரு டாக்டரிடம் நான் வேலை பார்த்தபோது நடந்தது.

மிளகாய் மண்டி வைத்திருந்த ஒருவர் தன் மனைவியைக் கூட்டி வந்தார். மனைவிக்குத்தான் வியாதி என்பது அவர் கட்சி. "இவ எல்லாத்தையும் மெதுவாச் செய்யுதா டாக்டர். காப்பி கேட்டா ஒரு யுகம் ஆகுது."

டாக்டர் அந்த அம்மாளைப் பார்க்கவே இல்லை. மண்டிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் ஒல்லி. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு நிமிடத்தில் மூன்று முறை எழுந்து உட்கார்ந்தார். கண் இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன.

"பசி எப்படி?" என்று டாக்டர் அவரைக் கேட்டார். பதில் அந்த அம்மாளிடமிருந்து வந்தது. "காலையில பன்னெண்டு இட்லி, ராத்திரி எட்டு எண்ணெய்ப் புரோட்டா. தின்னது எங்கன போகுதுன்னே தெரியலை. பேய் புடிச்சிருக்குன்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்லுதாக."

மண்டிக்காரருக்கு வந்ததே கோபம். "முப்பது வருசமா மிளகா நெடியில கெடக்கேன். கண்ணு துருத்தாம என்ன செய்யும்?" டாக்டர் அவரைக் கை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் கிடுகிடுவென்று ஆடியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தைராய்டு தேவைக்கு மேல் சுரந்துகொண்டிருந்தது. சில மாத மருந்தில் ஆள் சரியாகி, எடை கூடி, சாந்தமாகிவிட்டார். அப்புறம் அந்த அம்மாள் மட்டும் தனியாக ஒரு நாள் வந்தார். "டாக்டர், அந்தக் கோவத்துல ஒரு கால்வாசிய மட்டும் திருப்பித் தர முடியுமா? மண்டியில இப்ப ஒருத்தனும் அவுகள மதிக்க மாட்டேங்கான்."

உப்பும் இரண்டு, மருந்தும் இரண்டு

எங்கள் பக்கத்து வார்த்தைகள் இரண்டு, வெளியூர் டாக்டர்களைப் படுத்தி எடுத்துவிடும். ஒன்று உப்பு. தைராய்டு தன் சரக்கைத் தயாரிக்க அயோடின் வேண்டும். அதற்காகத்தான் பாக்கெட் உப்பில் அதைச் சேர்க்கிறார்கள். எங்கள் டாக்டரம்மா வந்த புதிதில் பட்டாசுக் கம்பெனி ஆள் ஒருவரிடம், "என்ன உப்பு சேர்க்கிறீங்க?" என்று கேட்டார். அவர் பவ்யமாக, "வெடியுப்புதான் டாக்டரம்மா. கூடக் கந்தகமும் அலுமினியப் பவுடரும்" என்றார். டாக்டரம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

இன்னொன்று மருந்து. ஊரெல்லாம் மருந்து என்றால் தின்பது, தடவுவது. எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிக்குள் போகிறது. மற்றதெல்லாம் மாத்திரை, டானிக், ஊசி. அதே ஆளிடம் டாக்டரம்மா அடுத்து, "மருந்து எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். "கையாலதான். இரும்பு பட்டாப் பொறி பறந்துரும்லா?" என்றார் அவர்.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் எத்தனை நாள் சிரித்திருக்கிறேன்! டாக்டரம்மாவுக்கு ஊர்ப் பேச்சு தெரியவில்லை, எனக்குத் தெரியும் என்று.

மூன்றாவது

மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் மாரி வேறு ஆளானாள். முழுக்கைச் சட்டை போயிற்று. குரல் திரும்பியது. முதலாளியின் சத்தம் அடங்கியிருந்தது. ஆவணிக் கடைசியில் கருப்பசாமி கிளினிக்குக்கு ஓடி வந்து, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற விஷயத்தை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு, டோக்கன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

டாக்டரம்மா உடனே மாத்திரையின் அளவைக் கூட்டினார். வயிற்றுப் பிள்ளைக்குத் தைராய்டு உருவாகி வேலையை ஆரம்பிக்கச் சில மாதம் ஆகும். அதுவரைக்கும் அம்மாவிடமிருந்து போவதுதான். பிள்ளையின் மூளை வளர்வதற்கே அது வேண்டும். அதனால் கர்ப்பத்தில் தேவையும் கூடும்.

ஆனால் அடுத்த ரிப்போர்ட்டில் சத்தம் கூடியிருந்தது. மறுபடி அளவைக் கூட்டினார். அதற்கடுத்த ரிப்போர்ட்டில் இன்னும் கூடியிருந்தது. மாரியின் முகம் மறுபடி உப்ப ஆரம்பித்தது. முழுக்கைச் சட்டை திரும்பி வந்தது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேஜை மேல் எறிந்தார். "மாத்திரை போடலை. இல்லைன்னா காப்பியோட சேத்துப் போடுறா. வெறும் வயித்துல போட்டு ஒரு மணி நேரம் ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னு சொன்னியா எஸ்தர்?"

"சொன்னேன் டாக்டரம்மா."

"பின்ன? இந்தக் குழந்தையும் போயிட்டா அந்தப் பொண்ணு தாங்க மாட்டா."

எனக்கு உடனே குருவம்மா ஞாபகம் வந்தது. பாட்டில் வாங்கக் கிளினிக்குக்கு வந்த முதல் நாளே, "ஆயுசுக்கும் மாத்திரையா?" என்று முகத்தைச் சுளித்தவர் அவர். பிள்ளைத்தாய்ச்சிக்கு மாத்திரை ஆகாது என்று நிறுத்தியிருப்பார் என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலை காராச்சேவோடு பஸ் ஏறினேன்.

காப்பி இல்லாத ஒரு மணி நேரம்

அந்த வாசலுக்கே திரும்பி வருகிறேன். குருவம்மா என்னை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். மாரி அப்போதுதான் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டு வந்து மருமகள் கையில் கொடுத்தார். முழுங்கும்வரை நின்று பார்த்தார். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். அடுப்பிலிருந்த காப்பிச் சட்டியை மூடி, மேலே ஒரு தட்டையும் கவிழ்த்தார்.

"இனி ஏளு பத்துக்குத்தான் காப்பி. உங்களுக்கும் அப்பத்தான் நர்ஸம்மா, கோவிச்சுக்கிடாதீக. நீங்க குடிச்சா அவளுக்கு நாக்கு ஊறும்லா?"

ஒரு மணி நேரம்! கருப்பட்டிக் காப்பி வாசனை வீடு முழுக்க இருக்க, சட்டம் போட்டவளே அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் கிளினிக்கில் கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

நான் எழுதிய தீர்ப்பு நாறிப்போயிற்று. மாமியார் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் மாரி என் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு, கரகரத்த குரலில் கேட்டாள். "ஒளுங்காத்தானக்கா போடுதேன். இதுவும் தங்காதா?"

காராச்சேவுப் பொட்டலத்தை எடுத்து, ஏழு பத்துக்கு மேல் தின்னச் சொல்லி அவள் கையில் வைத்தேன். வேறு என்ன செய்ய?

ஏழு பத்துக்குக் காப்பி வந்தது. அதற்குப் பிறகு இட்லி. கிளம்பலாம் என்று எழுந்தேன். முற்றத்தில் நல்ல வெயில் விழுந்திருந்தது. கம்பெனிக்குள் நுழைகிற மாதிரி குருவம்மா இரண்டு கை வளையல்களையும் கழற்றி மாடத்தில் வைத்தார்.

"செத்த உக்காருங்க நர்ஸம்மா. வெயில் ஏறிட்டு. மருந்தக் காயப்போட்டுட்டு வந்துருதேன்."

மருந்தா? வீட்டிலா? எனக்கு உயிரே போய்விட்டது. கம்பெனி லீவில் திருட்டுத்தனமாக வீட்டில் வெடி கட்டி, கூரையோடு போன கதைகள் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் வெடிமருந்தா? நான் முற்றத்துக்கு ஓடினேன்.

"குருவம்மாக்கா! வீட்டுல மருந்து வெக்கலாமா? போலீஸ் வந்தா என்னாகும்?"

குருவம்மா குத்தவைத்தபடி திரும்பிப் பார்த்தார். "போலீஸ் எதுக்கு நர்ஸம்மா? நீங்க குடுத்த மருந்துதான இது?"

காலண்டர் தாள் ஒன்றின் வெள்ளைப் பக்கம் மேலே தெரிய விரித்திருந்தார். அதன் மேல் வரிசை வரிசையாக, ஒன்றை ஒன்று தொடாமல், மாரியின் தைராய்டு மாத்திரைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

முப்பது வருஷக் கை

குருவம்மா கம்பெனியில் காயப்போடும் மேடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பூச்சட்டி, சக்கரம் எதுவானாலும் விரல் நுனியால் தொட்டே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்தக் கையால் ஒவ்வொரு மாத்திரையையும் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டே பெருமையோடு சொன்னார்.

"காலையில ஒரு பக்கம், உச்சிக்குப் பெறகு மறுபக்கம். சூடு ஆறுனதும் பாட்டில்ல போட்டு இறுக்கிருவேன். சீசன் முடிஞ்சு லீவு விட்டதுல இருந்து தெனமும் போடுதேன். இந்த மளையிலயும் ஒண்ணையாவது நமுக்க விட்டேனான்னு பாருங்க."

அந்த மாத்திரை வெயிலுக்கும் ஆகாது, வெளிச்சத்துக்கும் ஆகாது, சூட்டுக்கும் ஆகாது. இருட்டாக, குளுமையாக வைக்க வேண்டும். பாட்டில் லேபிளிலேயே எழுதியிருக்கிறது, பொடி எழுத்தில், இங்கிலீஷில். தினமும் வெயிலில் கிடந்தால் வீரியம் குறைந்துகொண்டே போகும். வயிற்றில் பிள்ளையோடு அவளுக்குத் தேவை கூடிக்கொண்டே போக, மாத்திரை காய்ந்துகொண்டே போயிருக்கிறது.

"யாருக்கா உங்கள இதக் காயப்போடச் சொன்னது?" என்றேன்.

"நீங்கதான நர்ஸம்மா சொன்னீக?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் மழை பெய்த அன்று, புதுப் பாட்டிலைக் குருவம்மா கையில் கொடுத்துவிட்டு, ஊர்ப் பேச்சு பேசுகிற பெருமையில் நான் வாய் நிறையச் சொல்லியிருந்தேன். "மளைக்காலம் பாத்துக்கோங்க. மருந்து நமுத்துறக் கூடாது. நமுத்துட்டா வேலை செய்யாது." மாத்திரை என்று சொல்லியிருக்கலாம். நான் மருந்து என்று சொன்னேன். நமுத்த மருந்தை என்ன செய்ய வேண்டும் என்று குருவம்மாவுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

வெயில் ஆகாது என்பதை அவரிடம் சொன்னேன். புரட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"இல்லை" என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் என்ன சொல்லித் தப்பிப்பது என்று என் புத்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பிறகு சொன்னேன். "நீங்க இல்லக்கா. என் வாய்தான். நான்தான் தப்பாச் சொன்னேன்." ஆனால் பிந்திவிட்டது. நான் பேசாமல் நின்ற நேரத்தையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டார். காய்ந்த மாத்திரைகளைப் பொறுக்குவதற்கு என்னைத்தான் கூப்பிட்டார். அவர் தொடவில்லை.

அன்றைக்கே மாரியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், என் வாயையும் சேர்த்து. டாக்டரம்மா எழுந்து நின்று திட்டினார். திட்டி முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து, "லேபிளை நானாவது படிச்சுக் காட்டியிருக்கணும்" என்றார். புதுப் பாட்டில் எழுதினார். குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே என்று மாரி கேட்டதற்கு, "ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. இனிமே ஒழுங்காப் பாத்துக்குவோம்" என்றார்.

மார்கழியில் முதலாளியின் சத்தம் இறங்கியது. தையில் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. பாட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால், சுவரோரம், ஈரம் படாதபடி ஒரு மரப்பெட்டிக்குள் இருட்டில் இருந்தது. மாரிதான் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "அத்தை பாட்டில் இருக்க பக்கமே வர மாட்டேங்காகக்கா. எனக்குச் சோறு போட்டுக் குடுக்கக் கூட அவுக மகனத்தான் ஏவுதாக" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்

வைகாசியில் மாரிக்குப் பெண் பிறந்தது. பெரியாஸ்பத்திரியில் சுகப் பிரசவம். டாக்டரம்மா சொல்லி, குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருந்தார்கள். குழந்தைக்கும் தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

அது சரியில்லாத குழந்தை பெரும்பாலும் தொந்தரவே செய்யாது. பால் குடிக்கக் கூட விழிக்காது. அழுதாலும் கரகரவென்று சின்னதாக அழும். வீட்டில் எல்லோரும், எவ்வளவு சமத்து என்று கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். நாள் கடந்தபின் தெரிந்தால் மூளை வளர்ச்சியில் விட்டது விட்டதுதான். பிரசவத்துக்கு முன் மாரியிடம் இதை நான் சொன்னபோது, குருவம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறார்.

ரிப்போர்ட் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு நானே போனேன். வார்டுக்கு வெளியே வராந்தாவில், தூணில் சாய்ந்து குருவம்மா உட்கார்ந்திருந்தார். மாரிக்குப் பக்கத்துக் கட்டிலுக்காரி வெளியே வந்து என்னை ஓரமாக இழுத்து, "பொம்பளப் புள்ளைன்னு மாமியாருக்கு மூஞ்சி தூக்கிக்கிட்டு. மூணு நாளாப் புள்ளையத் தொடலை" என்றாள். அச்சங்குளத்துக்குப் பஸ் ஏறும் முன் நானே எழுதிய தீர்ப்பு மாதிரியே இருந்தது அது.

நான் போய்க் குருவம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"உள்ள போகலையாக்கா?"

"என் கை வேண்டாம் நர்ஸம்மா. ஒரு தடவ கெடுத்த கை." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கொரல மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கேன். நல்லாத்தான் அளுவுதா. கரகரன்னு இல்ல. உங்களுக்கு எப்படிக் கேக்கு?"

மூன்று நாளாக அந்தத் தூணடியில் உட்கார்ந்து, உள்ளிருந்து வந்த ஒவ்வொரு அழுகையையும் அவர் கேட்டிருக்கிறார், ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறவர் மாதிரி. நான் ரிப்போர்ட்டைப் பிரித்தேன்.

"எல்லாம் சரியா இருக்குக்கா. ஒரு குறையும் இல்ல. நீங்க ஒண்ணையும் கெடுக்கலை. அன்னைக்கே நான் இதச் சொல்லியிருக்கணும்."

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து என் பின்னால் உள்ளே வந்தார்.

"இந்தாங்க அத்தை" என்று மாரி குழந்தையை நீட்டினாள். குருவம்மா இரண்டு உள்ளங்கைகளையும் சேலையில் துடைத்தார். மறுபடியும் ஒரு தடவை துடைத்தார். வாங்கிக்கொண்டார். கை மாறிய கோபத்தில் குழந்தை வீரிட்டு அலறியது. சின்ன முகம் சிவந்து, கால் இரண்டும் உதைத்துக்கொண்டு, அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏ ஆத்தா, தட்டிக் குடுத்து அமத்துங்க. காது கிளியுது" என்றாள் பக்கத்துக் கட்டிலுக்காரி.

குருவம்மா தட்டிக் கொடுக்கவில்லை. ஆட்டவில்லை. குழந்தையின் வாயருகில் தன் காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"அளுவட்டும் தாயி" என்றார். "நல்லா அளுவட்டும்."